காணாமல் போன கேமரா மூடி

இயக்குநர் வீட்டுக்குள் வந்ததும் தன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அந்த ஒரு காரியத்திலேயே நாத்தனாருக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. அந்த நாற்காலியை அன்று காலையில்தான் அவள் துடைத்திருந்தாள். அது அடிக்கடி நடக்கிற விஷயமும் இல்லை.

"நான் யாருன்னு தெரிஞ்சிருக்கும்," என்றார் இயக்குநர்.

"தெரியல," என்றார் அண்ணி.

நன்றாகவே தெரியும். அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கத்தில் பாதியை அவர் படம்தான் அடைத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் வைத்துத்தான் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு தொழில் நடத்தினார்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்காக நஷ்டங்களை ஆராய்ந்து சொல்வது அண்ணியின் வேலை. கிடங்கு தானாக எரிந்ததா, எரிய வைத்தார்களா, படகு மூழ்கியதா, மூழ்கடித்தார்களா என்பதை அவர் போய்ப் பார்த்துச் சொல்வார். அவர் கணவரின் தங்கையான நாத்தனார் கார் ஓட்டுவாள், கூட வருவாள், எல்லோருக்கும் முன்னால் தவறான முடிவுக்கு வருவாள். இந்த மூன்றாவது வேலையை அவளைப்போல் யாராலும் செய்ய முடியாது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

"நாளைக்குக் காலையில எங்க ராக்கெட் கிளம்பணும்," என்றார் இயக்குநர். "பூமியைப் படம் பிடிக்கிற செயற்கைக்கோள். அவ்வளவு உயரத்துல இருந்து, உங்க மாடியில காயற துணி என்ன கலர்னு சொல்லிடும்."

"எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"பாதுகாப்புக்கு."

"துணிக்கா?"

இயக்குநர் அவளை, தரையில் கிடக்கும் காய்த்தோலைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அண்ணியிடம் திரும்பினார். "அந்தக் கேமராவுக்கு ஒரு மூடி உண்டு. அந்த மூடியைக் காணோம்."

உலகத்தையே உளவு பார்க்கக் கண் செய்தவர்கள் சொந்தக் கட்டடத்தில் ஒரு மூடியைத் தேடி வெளியாளிடம் வந்திருக்கிறார்கள். நாத்தனார் சிரிப்பை விழுங்கினாள். அது பாதியில் சிக்கி இருமலாக வெளியே வந்தது.

விஷயம் இதுதான். செயற்கைக்கோளின் நுணுக்கமான பாகங்களுக்கெல்லாம், தயாரிக்கும்போது தூசி படாமல் இருக்க மூடி போட்டிருப்பார்கள். ஒவ்வொரு மூடியிலும் ஒரு சிவப்பு நாடா தொங்கும். கிளம்புவதற்கு முன் இதைக் கழற்று என்று அதற்கு அர்த்தம். கழற்றிய மூடியை வெளி அறையில் உள்ள ஒரு பலகையில், அதற்கென்று படம் வரைந்து வைத்த கொக்கியில் மாட்ட வேண்டும். பலகை நிரம்பினால் உள்ளே எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு செயற்கைக்கோளின்மேல் ராக்கெட்டின் தலைக்கூம்பைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள்.

"நேத்து சாயங்காலம் பலகை நிரம்பியிருந்தது. கூம்பை மூடிட்டோம். ராக்கெட் மேல ஏத்தியாச்சு. இன்னைக்குக் காலையில பார்த்தா கேமராவோட கொக்கி காலி."

"நேத்து நிரம்பியிருந்தா மூடி வெளியதானே இருக்கு? அப்புறம் என்ன?" என்றாள் நாத்தனார்.

இயக்குநர் கைக்குட்டையை மடித்தார். "நேத்து காலையில ஒரு முக்கிய விருந்தினர் வந்திருந்தார். பலகைக்கு முன்னால போட்டோ எடுத்தோம். பாதி மூடியைக் கழற்றவே இல்ல அப்ப. பலகை பொக்கை வாய் மாதிரி இருந்தது. பத்திரிகையில வர்ற படம், அப்படியா வர்றது? உதிரி மூடி எதையாவது எடுத்து மாட்டுங்கப்பான்னு சொன்னேன். நான் சொல்லலேன்னா அந்தப் படம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க!"

அண்ணி செய்தித்தாளிலிருந்து காய்த்தோலை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தார். வரிசையாகச் சிரிப்புகள். பின்னால் பலகை முழுக்கச் சிவப்பு நாடாக்கள்.

"அழகா இருக்கு," என்றார். "அப்ப, சாயங்காலம் அந்தக் கொக்கியில தொங்கினது கேமரா மேல இருந்த மூடியா, போட்டோவுக்கு மாட்டின உதிரி மூடியான்னு இப்ப உங்களுக்குச் சந்தேகம்."

"அதேதான். அசல் மூடி உள்ளயே இருந்தா கேமரா குருடு. திறந்து பார்க்கலாம்னா ராக்கெட்டைத் திரும்பக் கொண்டுபோகணும், தேதி போயிடும், மறுபடி எப்போன்னே தெரியாது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள திறக்கணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லணும். காப்பீட்டுக்காரங்க நீங்க சொன்னாத்தான் ஒத்துக்குவாங்களாம். கேமராவுக்குப் பொறுப்பான பொறியாளரை வேலையை விட்டு அனுப்பற உத்தரவு என் மேசை மேல இருக்கு. அது எப்படியும் உண்டு."

"எப்படியும்னா?"

"திறந்து உள்ள இருந்தா கவனக்குறைவு. இல்லாட்டி மூடியைத் தொலைச்சதுக்கு."

"சிக்கனமான நியாயம்," என்றார் அண்ணி, கையைக் கழுவ எழுந்துகொண்டே.

வாசலில் காவலாளி அவர்களுடைய பைகளைத் திறந்து கொட்டச் சொன்னான். நாத்தனாரின் பையிலிருந்து பாதி தின்ற பிஸ்கட்டும், ஒற்றைக் காலுறையும், தொலைந்துபோனதாக அண்ணனிடம் சத்தியம் செய்திருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியும் வந்தன. அதே நேரம் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. காவலாளி திரும்பிப் பார்க்காமலே கதவைத் தூக்கிவிட்டான்.

"அதை மட்டும் சோதிக்க மாட்டீங்களா?" என்றாள் நாத்தனார் எரிச்சலுடன்.

"சலவை வண்டிங்க. அழுக்கு அங்கியை அள்ளிட்டு மத்தியானம் போயிடும். அதை யாரு கிளறுவாங்க?"

பலகை இருந்த வெளி அறை தூசியில்லா அறைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே போகிறவர்கள் வெள்ளை அங்கியும் முகமூடியும் கையுறையும் அங்கேதான் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது கழற்றி ஒரு பெரிய துணி மூட்டையில் போட வேண்டும். பலகைக்குப் பொறுப்பானவரை எல்லோரும் 'கணக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். எண்ணுவதைத் தவிர வேறெதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"நேத்து சாயங்காலம் நான் எண்ணினேன். சரியா இருந்தது. மூடலாம்னு சொன்னேன்," என்றார்.

"ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? எண்ணினா போதாதா?"

அண்ணி ஒவ்வொரு மூடியாகக் கழற்றி, திருப்பிப் பார்த்து, உள்ளே விரலை விட்டுத் தடவி, திரும்ப மாட்டினார். பக்கத்தில் நின்று கணக்கு பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். "இது எரிபொருள் வால்வு... இது ஆன்டெனா முனை... இது நட்சத்திரக் கண்."

கடைசியாகச் சொன்னது காபி டம்ளர் அளவுக்கு ஆழமான மூடி. அண்ணி அதைத் திரும்ப மாட்டிவிட்டு, விரலைத் துடைக்க நாத்தனாரின் கைக்குட்டையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். சாம்பல் நிறமாக ஒரு கறை விழுந்தது. நேற்றுத்தான் வாங்கிய கைக்குட்டை.

"நட்சத்திரக் கண்ணுன்னா என்ன?" என்று கேட்டாள் நாத்தனார், கறையைத் தேய்த்துக்கொண்டே.

"செயற்கைக்கோள் எந்தப் பக்கம் பார்த்துட்டு நிக்குதுன்னு அதுக்கே தெரியணும்ல? நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். அது இல்லேன்னா பூமியைப் படம் எடுக்கறதுக்குப் பதிலா வெறும் வானத்தை எடுத்துட்டிருக்கும். அதுக்குப் பொறுப்பானவரை இங்க ஜோசியர்னு கூப்பிடுவோம்."

"கூம்பைத் திறக்காம உள்ள எட்டிப் பார்க்க வழியே இல்லையா?" என்றார் அண்ணி.

"பக்கவாட்டுல ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. பேட்டரி இணைப்பைப் பார்க்கறதுக்கு. கேமரா அதுக்கு நேர் எதிர்ப்பக்கம், நடுவுல தடுப்பு வேற. கையும் எட்டாது, கண்ணும் எட்டாது. அந்தப் பக்கமா இருக்கிறது பேட்டரியும் நட்சத்திரக் கண்ணும் மட்டும்தான். அந்த ஜன்னலைத் திறக்கறதுக்கே காரணம் சொல்லி, எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

"இந்த அறைக்கு ராத்திரி பூட்டு உண்டா?"

"உள் அறைக்கு உண்டு. இதுக்கு எதுக்கு? மூடியை யார் திருடப் போறாங்க?"

கேமராவுக்குப் பொறுப்பான பெண்ணை 'லென்ஸ் மேடம்' என்றார்கள். ஒல்லியான பெண்மணி. காலையிலிருந்து ஒருவரும் அவரிடம் பேசவில்லை என்பது அவர் மேசையைச் சுற்றி இருந்த வெற்றிடத்திலேயே தெரிந்தது. நேற்று வரை கூடி அரட்டையடித்த நாற்காலிகள் இன்று சுவரோரம் நகர்ந்துவிட்டிருந்தன.

"போட்டோ முடிஞ்ச உடனே உதிரி மூடியைக் கழற்றி ஸ்டோர்ல குடுத்துட்டேன். மத்தியானம் அசல் மூடியை என் கையால எடுத்தேன்," என்றார். "அந்த லென்ஸை மெருகேத்தின நாள்ல இருந்து நான்தான் பார்த்துக்கிறேன். வாசனை சோப்பு போட்டுக் குளிக்கிறதை விட்டே வருஷக்கணக்காச்சு; வாசனை போய் கண்ணாடியில படிஞ்சிடுமாம். என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார், உனக்கு அதுதான் மூத்த பிள்ளைன்னு. அதை மூடி வெச்சு அனுப்புவேனா நான்?"

"அப்ப திறந்து பார்க்கச் சொல்லலாமே? உங்க பேர் சுத்தமாயிடும்," என்றாள் நாத்தனார்.

லென்ஸ் மேடம் தலையை ஆட்டினார். "திறக்கக் கூடாது. வெளிக்காத்து பட்டா தூசி விழும். அப்புறம் அதைத் துடைக்கிறேன்னு ஆரம்பிப்பாங்க. என்னை அனுப்பறதுன்னா அனுப்பட்டும். லென்ஸைத் தொட வேண்டாம்."

வெளியே வந்ததும் நாத்தனார் கிசுகிசுத்தாள். "திறக்கக் கூடாதுன்னு இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாங்களே, உள்ளதான் இருக்கோ?"

"இருக்கலாம்," என்றார் அண்ணி. நாத்தனாரின் எல்லாக் கண்டுபிடிப்புகளுக்கும் அவர் தரும் பரிசு அந்த ஒரு சொல்தான்.

அடுத்து இயக்குநரின் அறை. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரு வியாதி இருந்தது. பழைய ராக்கெட்டின் உதிரிகளை வீட்டுச் சாமான் ஆக்கிவிடுவார்கள். கணக்கு தேநீர்க் கோப்பையை வைத்திருந்தது வெப்பம் தாங்கும் ஓடு ஒன்றின்மேல். லென்ஸ் மேடத்தின் மேசையில் உடைந்த கண்ணாடி வில்லை ஒன்று காகிதங்களை அமுக்கிக்கொண்டிருந்தது. இயக்குநரோ ஒரு கண்ணாடி அலமாரியே வைத்திருந்தார். திருகாணி முதல் விமானியின் கையுறை வரை, ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் பெயர் பொறித்த தகடு. நடுவில் ஒரு இடம் மட்டும் காலி.

"அது எதுக்கு?" என்றாள் நாத்தனார், பரபரப்பில் காது சிவக்க.

"இந்தச் செயற்கைக்கோளோட ஞாபகமா ஏதாவது வைக்கலாம்னு."

வராந்தாவுக்கு வருவதற்குள் நாத்தனார் வழக்கை முடித்து, இயக்குநரைச் சிறைக்கு அனுப்பி, வீட்டுக்குப் போய் அண்ணனிடம் கதை சொல்லவும் தொடங்கியிருந்தாள். "காலி இடத்தோட அளவைப் பார்த்தீங்களா அண்ணி? சாப்பாட்டுத் தட்டு அளவு! பலகையில கேமரா மூடிக்கு வரைஞ்ச படமும் அதே அளவு!"

"இருக்கலாம். ஆனா திருடினவர், வீடு தேடி வந்து நாற்காலியைத் துடைச்சு உக்காந்து நம்மளைக் கூப்பிட்டிருக்க மாட்டார். இவருக்கு அந்த அளவு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது."

ஜோசியரின் அறை, ஊசி விழுந்தால் அதற்கும் ஒரு இடம் ஒதுக்கிவைத்த அறை. புத்தகங்கள் உயரவாரியாக நின்றன. ரப்பர், அளவுகோல், தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றின்மேலும் சீட்டு ஒட்டியிருந்தது. மேசையில் பேனாக்களும் பென்சில்களும் மட்டும் சும்மா கிடந்தன. ஒன்று உருண்டு விழுந்தது. நாத்தனார் குனிந்து எடுத்து வைத்தாள். அது மறுபடி உருண்டது. மறுபடி எடுத்தாள். மூன்றாவது முறை, பொறுமையில்லாமல், ஒரு புத்தகத்தை எடுத்து அணைகட்டினாள்.

ஜோசியர் மிகவும் பணிவான மனிதர். லென்ஸ் மேடத்தைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார்.

"நல்லவங்க. குறை சொல்ல மனசு வரல. ஆனா எப்படி நடந்திருக்கும்னு எனக்குத் தோணுது, சொல்லட்டுமா? போட்டோவுக்கு மாட்டின மூடியைத் திரும்ப எடுக்க மறந்திருப்பாங்க. அப்புறம் மத்தியானம் பலகையைப் பார்த்தா அவங்க கொக்கி நிரம்பியிருக்கு. ஓ, நாமதான் கழற்றிட்டோம் போலன்னு மனசு நம்பிடும். வேலை அலுப்பு பாருங்க. கூம்பு மூடினப்புறம்தான் உறைச்சிருக்கும். வயித்துல ஐஸ் வெச்ச மாதிரி இருந்திருக்கும். யார்கிட்ட போய்ச் சொல்றது? மெதுவா வந்து உதிரியை எடுத்து ஸ்டோர்ல வெச்சிருப்பாங்க."

"பாவம்," என்றார் அண்ணி.

"பாவம்தாங்க. அதனாலதான் சொல்றேன், திறந்துடறது நல்லது. பெரிய கூட்டமெல்லாம் வேண்டாம். நான் ஒருத்தனே உள்ள போய்ப் பார்த்து, மூடியை எடுத்துட்டு வந்துடறேன். அவங்களுக்கும் கௌரவமா இருக்கும்."

வெளியே வந்து நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "இந்தக் கட்டடத்துல இவர் ஒருத்தர்தான் மனுஷன்."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த அழுக்கு அங்கி மூட்டை இன்னும் போயிருக்காது இல்ல?" என்றார். "நீ போய்க் கொஞ்சம் கிளறிப் பாரு."

"நானா?"

"வாசல்ல எல்லார் பையையும் கொட்டிப் பார்க்கறாங்க. தட்டு அளவு மூடியை யாரும் வெளிய கொண்டுபோக முடியாது. சோதிக்காம போறது அந்த மூட்டை ஒண்ணுதான்."

பகல் முழுக்கப் பிறர் வியர்த்த அங்கிகளுக்குள் தோள்வரை கையை விட்டுத் தேடுவது துப்பறிவதில் அடங்குமா என்று நாத்தனாருக்கு நியாயமான சந்தேகம் வந்தது. சலவைக்காரர் மூட்டையின் வாயைக் கட்டக் கயிறோடு நின்றுகொண்டு, "என்னம்மா, மோதிரமா?" என்று அனுதாபத்தோடு கேட்டார். அவள் தலையாட்டினாள். அடிமட்டத்தில், ஒரு அங்கிக்குள் சுருட்டி, அது கிடைத்தது. சிவப்பு நாடாவோடு.

கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி சொன்னபடி கணக்கு, ஸ்டோரிலிருந்து கேமராவின் உதிரி மூடியையும் பலகையிலிருந்த மற்ற எல்லா மூடிகளையும் கொண்டுவந்து மேசையில் பரப்பியிருந்தார். நாத்தனார் தலைமுடி கலைந்து, யாரோ ஒருவரின் முகமூடி தோளில் ஒட்டியிருக்க உள்ளே வந்து, மூடியை நடுவில் வைத்தாள்.

"கேமராவுக்கு ரெண்டே மூடி," என்றார் அண்ணி. "ரெண்டும் இங்க இருக்கு. அப்ப கேமரா மேல ஒண்ணுமில்ல. லென்ஸ் மேடம் அவங்க வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்காங்க."

லென்ஸ் மேடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கணக்கு மேசையைத் தட்டினார். இயக்குநர் எழுந்தே விட்டார். "நான் அப்பவே சொன்னேன்!" என்றார். அவர் சொன்னது இதற்கு நேர் எதிரானது என்பதை ஞாபகம் வைத்திருந்தவர்கள் அவரிடம் வேலை பார்க்கிறவர்கள். ஆகவே சும்மா இருந்தார்கள். "திறக்க வேண்டாம். நாளைக்குக் கிளம்பலாம்!"

"இருந்தாலும்," என்றது ஒரு மெல்லிய குரல். ஜோசியர். "இருந்தாலும் ஒரு தடவை திறந்து பார்த்துடறது நல்லதில்லையா, சார்? பாதுகாப்புக்கு?"

"எதைப் பார்க்க?" என்றார் அண்ணி.

ஜோசியர் தன் முன்னால் இருந்த காகிதத்தை நேராக்கி வைத்தார்.

"உக்காருங்க சார்," என்றார் அண்ணி இயக்குநரிடம். "இப்ப ராக்கெட்டை அனுப்பினீங்கன்னா, உங்க செயற்கைக்கோள் மேல போய் வானத்தைப் படம் எடுக்கும். காலையில இருந்து எல்லாரும் மூடி எங்க, மூடி எங்கன்னுதான் கேட்டீங்க. எதுக்கு எடுத்தாங்கன்னு யாரும் கேக்கல. மூடி வேணும்னு எடுத்தவர் அதை அழுக்குத் துணியோட துவைக்க அனுப்ப மாட்டார். அவருக்கு மூடி வேண்டாம். காலியா ஒரு கொக்கிதான் வேணும். கொக்கி காலியானா நீங்க பதறிப் போய்க் கூம்பைத் திறப்பீங்க. கூம்பு திறக்கணும்னு இங்க யாருக்கு ஆசை? உங்களுக்குத் தேதி போயிடும். கணக்கு சார் தானே மூடச் சொல்லிட்டு, தானே திறந்தா மானம் போயிடும். லென்ஸ் மேடத்துக்கு வேலை போனாலும் பரவாயில்ல, தூசி விழக்கூடாது. ஒரே ஒருத்தர்தான் திறக்கணும்னார். அதுவும் தான் மட்டும் தனியா உள்ள போகணும்னார்."

"நல்ல எண்ணத்துலதான்..." என்றார் ஜோசியர்.

"நேத்து மறந்தவங்க மனசு எப்படி இருந்திருக்கும்னு எங்ககிட்ட சொன்னீங்க. பலகையைப் பார்த்து நம்பினது, அப்புறம் உறைச்சது, வயித்துல ஐஸ் வெச்சது. ஊகம்னா அவ்வளவு விவரமா வராதுங்க. அனுபவிச்சவங்களுக்குத்தான் வயிறு வரைக்கும் தெரியும்."

அண்ணி மேசையிலிருந்து டம்ளர் அளவு மூடியை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். வெள்ளைக் காகிதத்தில் கரித்தூள் கொஞ்சம் உதிர்ந்தது. "இது நட்சத்திரக் கண்ணோட கொக்கியில இருந்தது. மூச்சுக்குக்கூட முகமூடி போடற அறையில இருந்து வந்த மூடிக்குள்ள பென்சில் கரி எப்படி வந்தது? அடியில பாருங்க, பேனா முனை குத்தின பொட்டு. இந்தக் கட்டடத்துல எல்லார் மேசையிலயும் ஏதாவது ஒரு பழைய உதிரி இருக்கு. ரப்பருக்குக்கூடச் சீட்டு ஒட்டி வெச்சிருக்கிற மனுஷர் மேசையில மட்டும் அது இல்ல. அவர் பேனா மட்டும் தரையில உருளுது. என் நாத்தனார் மூணு தடவை குனிஞ்சு எடுத்தா."

நாத்தனார் தன் கைக்குட்டையைப் பார்த்தாள். தடயத்தைக் காலையிலிருந்து பையில் வைத்துக்கொண்டு, அது சலவைக்குப் போகுமா என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"பழைய சோதனை மாதிரிக்குச் செஞ்ச மூடி அது," என்றார் ஜோசியர் கடைசியில், மேசையைப் பார்த்து. "பேனா போட்டு வெச்சிருந்தேன். போட்டோவுக்கு ஏதாவது மாட்டுன்னு சார் சொன்னார். மாட்டினேன். மத்தியானம் வந்து பார்த்தப்போ நிரம்பியிருந்தது. கூம்பை மூடினப்புறம் அறைக்கு வந்து ஏதோ எழுதலாம்னு கையை நீட்டினேன். பேனா ஸ்டாண்டு இல்ல." லென்ஸ் மேடம் இருந்த பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினார். "பலகையில அவங்க மூடிதான் பெருசா தெரிஞ்சது. அது இல்லேன்னா உடனே கவனிப்பாங்கன்னு..."

"திறந்த உடனே உள்ள போய் உங்களோடதை மட்டும் சத்தமில்லாம எடுத்துக்கலாம். லென்ஸ் மேடம் வீட்டுக்குப் போயிடுவாங்க. கௌரவமா," என்றார் அண்ணி.

இயக்குநர் கொதித்தெழுந்தார். "இப்பவே உன்னை..."

"நீங்க கொஞ்சம் இருங்க சார்," என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. ஆனால் காப்பீட்டுக்காரர்களின் பணத்தின் கனம் அதில் இருந்தது. "மறந்தது அவர். பழியைத் தூக்கி இன்னொருத்தர் தலையில வெச்சதும் அவர்தான். ஆனா அந்தப் பலகை இத்தனை வருஷமா உண்மையை மட்டும்தான் சொல்லிட்டிருந்தது. ஒரு படத்துக்காக அதைப் பொய் சொல்ல வெச்சது நீங்க. என் அறிக்கையில உங்க பேர்தான் முதல்ல வரும். முதல் பக்கம் உங்களுக்குப் பழக்கம்தானே. அப்புறம், கூம்பைத் திறக்க வேண்டாம். அந்தச் சின்ன ஜன்னல் போதும்."

சின்ன ஜன்னல். நட்சத்திரக் கண்ணுக்கு நேராக, முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒரு சின்னக் கதவைத் திறந்து மூடியதோடு போயிருக்கும்.

மறுநாள் ராக்கெட் கிளம்பியது, செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது, பத்திரிகைகள் எழுதின. வேலையை விட்டு அனுப்பும் உத்தரவு ஒன்று நிஜமாகவே அடிக்கப்பட்டது. லென்ஸ் மேடத்தின் பெயரில் அல்ல. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நாத்தனார் கேட்கிறவர்களிடம் சொல்வதெல்லாம் அன்று சாயங்காலம் ஏவுகோபுரத்தின் உச்சியில் நடந்ததைத்தான்.

அவளுக்கு உயரம் என்றால் பயம். கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று எல்லோருடைய அங்கியையும் உப்பவைத்தது. கணக்கு ஜன்னலைத் திறந்தார். ஜோசியரின் கை அதில் நுழையவில்லை. கணக்கின் கையும் நுழையவில்லை. கடைசியில் லென்ஸ் மேடம்தான் கையுறையை இறுக்கிக்கொண்டு, தன் ஒல்லிக் கையைத் தோள்வரை உள்ளே விட்டார். "இடது பக்கம்... கொஞ்சம் மேல..." என்று ஜோசியர் வழி சொன்னார். முதலில் ஒரு சிவப்பு நாடா வெளியே வந்தது. பிறகு மூடி.

அதை அவர் ஜோசியரிடம் நீட்டினார். ஜோசியர் வாங்கி, அதன் நாடாவை ஒழுங்காக மடித்தார்.

"நேத்தே என்கிட்ட வந்திருக்கலாமே," என்றார் லென்ஸ் மேடம். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் நாத்தனாருக்குத் தாங்கவில்லை. "பேட்டரியைப் பார்க்கணும்னு ஏதாவது ஒரு காரணம் சொல்லி நானே ஜன்னலைத் திறக்க வெச்சு எடுத்துக் குடுத்திருப்பேன். யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேன்."

"சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

"ஏன்? நான் என்னைக்காவது யாரையாவது காட்டிக் குடுத்திருக்கேனா?"

பொய் சொல்லி ஓய்ந்துபோன மனிதர். உண்மை தானாக வந்துவிட்டது.

"இல்ல. ஆனா நானா இருந்தா சொல்லியிருப்பேன்."

லிஃப்ட் வந்தது. லென்ஸ் மேடம் ஏறினார், அண்ணியும் நாத்தனாரும் ஏறினார்கள், கணக்கு ஏறி உள்ளிருந்தவர்களை எண்ணினார். கதவு மூடத் தொடங்கியது. கையில் மூடியோடு ஜோசியர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நாத்தனாருக்கும் தோன்றவில்லை. இவ்வளவு கேவலமான ஒரு ஆளை அவள் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை. ஆனால் அவளுடைய கால், அவளைக் கேட்காமலே, நீண்டு போய்க் கதவை மறித்துக்கொண்டது.

"வாங்க," என்றாள் எரிச்சலோடு. "செருப்பு நசுங்குது."